கத்தரிக்காயை நம்பிச் செய்த மீன் பெட்டி

ஸ்ரீரங்கனுக்கு மின்சாரம் என்றால் பைத்தியம். தியாகராய நகரில் அப்போது பாதி மனையும் பாதி புதருமாகக் கிடந்த எங்கள் தெருவில், முதல் மின்விளக்கு எரிந்தது அவன் வீட்டில். முதல் பியூஸ் போனதும் அங்கேதான். நான் அடுத்த வீட்டுக்காரன். அங்கே எது வெடித்தாலும் முதலில் எட்டிப் பார்க்கிற உரிமை எனக்கு உண்டு.

இண்டர்மீடியட் முடித்ததும் கோட்டைப் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் இரண்டு வருஷம் கடிதங்களுக்கு நம்பர் போட்டான். ஒரு நாள் தலைக்கு மேலே நின்றுபோன மின்விசிறியை ஏணி போட்டு ஏறிச் சரிசெய்தான். ஆபீசர் அவனைக் கூப்பிட்டு, உன் வேலையைப் பார் என்றார். பார்த்தான், பிடிக்கவில்லை, விட்டுவிட்டான். வீட்டு வாசல் அறையை ஒர்க்‌ஷாப் ஆக்கினான். விசிறிக்கு எண்ணெய் போடுவதும் இஸ்திரிப் பெட்டிக்குக் கம்பி மாற்றுவதுமாக ஒரு வருஷம் ஓடியது. உள்ளதைச் சொன்னால், ஓடவில்லை, நகர்ந்தது.

முப்பத்து நான்காம் வருஷம் ஐப்பசியில் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. "தை பிறப்பதற்குள் உருப்படியாக ஒரு ஆர்டர் வாங்கிக் காட்டும். இல்லாவிட்டால் என் ஆபீசில் காலியாகிற குமாஸ்தா நாற்காலியில் வந்து உட்காரும். மனுஷன் என்றால் யாருக்காவது கீழே வேலை பார்க்க வேண்டும்." அந்த நாற்காலியை நினைத்தாலே ஸ்ரீரங்கனுக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் அப்படியேதான் சொன்னான். கண் கலங்கியிருந்தது.

அந்த வாரமே ஒரு வழி பிறந்தது. அடையாற்றில், ஆற்றைப் பார்த்து நிற்கிற ஒரு துரையின் பங்களாவுக்கு விசிறி மாட்டப் போனான். துரைக்குத் தன் ஊரில் சாப்பிட்ட புகை போட்ட மீன் மேல் தீராத ஆசை. சமையல்காரர் பீர் முஹம்மது விறகுப் புகையில் முயன்றதில், பின்கட்டுக் கூரை ஒரு தடவை பற்றிக்கொண்டு எரிந்திருந்தது. நெருப்பே கூடாது, கரண்டில் செய்ய முடியுமா என்று துரை கேட்டார். அதற்கென்ன, செய்யலாமே என்றான் ஸ்ரீரங்கன். வாழ்நாளில் மீனைத் தொட்டறியாதவன், மீன் கடை இருக்கிற பக்கம் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கிறவன், துளியும் தயங்காமல் அப்படிச் சொன்னான்.

பெட்டி என்னவோ அருமையாக வந்தது. உள்ளே ஒரு தகரம், வெளியே ஒரு தகரம், சூடு வெளியே போகாதபடி நடுவில் சலித்த சாம்பல். அடியில் சுடுமண் பலகையில் சுற்றிய கம்பிச் சுருள். அதன் மேல் மா மரத்தூள் போட ஒரு தட்டு. மேலே மீனைத் தொங்கவிடக் கொக்கிகள். உச்சியில் திறந்து மூட மூடி வைத்த ஒரு குழாய். ஒரு முனை கூட விரலைக் கிழிக்காது.

சோதித்துப் பார்ப்பதுதான் சங்கடமாயிற்று. மனைவி கோமளம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "ஏன்னா, நீங்க எந்தப் பெட்டியை வேணா பண்ணிக்கோங்கோ. மீன் மட்டும் ஆத்துக்குள்ள வரப்படாது, சொல்லிட்டேன்."

ஸ்ரீரங்கன் யோசித்தான். அவனுக்குத் தெரிந்தவரை, புகையில் வாட்டிச் சாப்பிடுகிற வஸ்து உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். மாம்பலம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கி வந்து கொக்கிகளில் மாட்டினான். முதல் நாள் வேகவில்லை. கம்பியை மாற்றினான். அரைவேக்காடு. இன்னும் மாற்றினான். எட்டாம் நாள், முக்கால் மணி நேரத்தில் தோல் வெடித்து, உள்ளே வெண்ணெய் மாதிரி குழைந்து, கமகமவென்று வந்தது. துள்ளிக் குதித்தான். அந்த எட்டு நாளும் அவர்கள் வீட்டில் கத்தரிக்காய்த் துவையல், எங்கள் வீட்டில் கத்தரிக்காய் கொத்சு. பிரமாதமாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மார்கழி முதல் வாரம் ஒரு கட்டை வண்டியில் பெட்டி அடையாற்றுக்குப் போனது. கூடவே நானும் போனேன். பங்களாவுக்கு மீன் கொடுக்கிற தேசம்மா, சாந்தோம் குப்பத்திலிருந்து பாலம் தாண்டி நடந்து வந்து, இருபது கானாங்கெளுத்தியைக் கழுவிக் கொக்கிகளில் மாட்டினாள். ஸ்ரீரங்கன் சுவிட்சைப் போட்டான். முக்கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

கொக்கிகளில் தலைகள் மட்டும் வரிசையாகத் தொங்கின. உடம்பெல்லாம் வெந்து உதிர்ந்து, கீழே மரத்தூளில் விழுந்து கரிந்துகொண்டிருந்தது.

"மாஷா அல்லா!" என்றார் பீர் முஹம்மது. "துரைக்கு இருபது தலை அனுப்பட்டுமா, ஐயரே?"

தேசம்மா குனிந்து உள்ளே பார்த்தாள். "இன்னா சாமி இது? இது மீனா, கத்திரிக்காயா? இப்டியா போட்டு வேவ வெப்பாங்க?"

ஸ்ரீரங்கன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான். நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தான் போலிருக்கிறது. பிறகு மென்று விழுங்கி உண்மையைச் சொன்னான். தேசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பீர் முஹம்மதுவுக்குச் சிரிப்பு வரவில்லை. மார்கழிக் கடைசி நாள் வரை தவணை என்றார், அதற்குமேல் ஒரு மணி நேரம் கூடக் கிடையாது என்றார்.

பத்து நாள் காலையில் தேசம்மா கூடையை இறக்கிவிட்டுப் பின்கட்டுக்கு வந்தாள். பத்து நாளும் ஸ்ரீரங்கன் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மீனை முதலில் உப்புத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும், பிறகு தோல் விரலில் ஒட்டுகிற பதத்துக்குக் காற்றில் உலர்த்த வேண்டும், ஈரத்தோடு புகை போட்டால் கசக்கும் என்று அவள்தான் சொன்னாள்.

"சரி, சூடு எவ்வளவு?" என்று கேட்டான் அவன், பென்சிலை எடுத்துக்கொண்டு.

"உள்ள கைய வெச்சிக்கினு பத்து பிரியதத்தம் சொல்வேன். அதுக்குள்ள சுட்டுச்சின்னா உன் பொட்டி கெட்டுப் போச்சு" என்றாள். பிரியதத்தம் என்பது அவர்கள் மாதாவுக்குச் சொல்லும் ஜெபம். அவள் வெறும் பெட்டிக்குள் கையை வைத்துக்கொண்டு ஜெபம் சொன்னாள். மூன்றாவதில் கையை உதறினாள். கம்பியை நீட்டினால் சூடு குறையும். ஸ்ரீரங்கன் கம்பியை நீட்டினான். ஐந்து ஜெபம் தாங்கியது. இன்னும் நீட்டினான். ஏழு. பத்து வந்தபோது சூடு பத்தாமல் மரத்தூள் புகையவே இல்லை. அன்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"பொகைய வெளிய போட்டுக் கொய்யால உள்ள வுடேன்" என்றாள் தேசம்மா. குழாயைத்தான் சொன்னாள். மரத்தூளுக்குத் தனியாக ஒரு சின்ன டின், அதற்கு ஒரு தனிச் சுருள், அங்கிருந்து பெட்டிக்கு ஒரு நீளக் குழாய். வருகிற வழியிலேயே புகை ஆறிவிடும். ஸ்ரீரங்கன் தலையில் அடித்துக்கொண்டான். இது தனக்குத் தோன்றவில்லையே என்று அவனுக்கு ஆத்திரம்.

மார்கழிக் கடைசி நாள் காலையில் மூடிய கதவைச் சாயங்காலம் நான்கு மணிக்குத் திறந்தார்கள். இருபது மீனும் முழுசாக, தேன் நிறத்தில் பளபளத்துத் தொங்கின. ஸ்ரீரங்கன் என் தோளை நெரித்த நெரிப்பில் எனக்கு இரண்டு நாள் வலித்தது.

பீர் முஹம்மது ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். தட்டை ஸ்ரீரங்கன் முன்னால் நீட்டினார்.

"பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிடுங்க. செஞ்சவங்க வாயில போட்டப்புறம்தான் துரை வாய்க்குப் போவும். என் குசினியில அதான் சட்டம். போன வருசம் எவனோ குடுத்த மீனால துரை பத்து நாள் படுத்தாரு, பழி எம்மேல."

ஸ்ரீரங்கன் தட்டைப் பார்த்தான். சாப்பிட்டால் கோமளத்தின் முகத்தில் விழிக்க முடியாது. சாப்பிடாவிட்டால் நாளை தை பிறந்ததும் குமாஸ்தா நாற்காலி. அவன் நெற்றியில் நாமம் வியர்வையில் கரைந்து இறங்கியது. பாவமாக இருந்தது எனக்கு.

தேசம்மா குறுக்கே கையை விட்டு, ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"உன்னைச் சொல்லல. செஞ்சவங்களைச் சொன்னேன்" என்றார் பீர் முஹம்மது.

"செஞ்சது நான்தான்."

"அப்ப இவரு?"

"இவரு தகரம் தட்டிக் குடுத்தாரு, ஒயரு மாட்டிக் குடுத்தாரு. எங்கிட்ட வேலை பாக்கறாரு."

ஸ்ரீரங்கனின் முகம் சிவந்தது. மூன்று மாத உழைப்பு. சாம்பல் சலித்துச் சலித்து இருமல் வந்தவன் அவன். வாயைத் திறந்தான், தட்டைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

பீர் முஹம்மது ஒரு துண்டு தின்றார். இன்னொரு துண்டு தின்றார். மூன்றாவதுக்கும் கை போயிற்று. "துரை சொல்லி வெச்சதுல அவரு கிளப்புலயும் ரெண்டு பொட்டி கேக்கறாங்க. தேசம்மா, செஞ்சு தருவியா?"

அவள் ஸ்ரீரங்கனைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னா சாமி, செய்வமா?"

வீடு வந்து சேரும்வரை அவன் என்னை முந்திக்கொண்டு விடுவிடுவென்று நடந்தான். கோபம் என்று நினைத்தேன். வந்ததும் மாமனாருக்குக் கடிதம் எழுதி, தபாலில் போடுமுன் என்னிடம் படிக்கக் கொடுத்தான்.

"தேவரீர் திருவடிகளில் அநேக நமஸ்காரம். எனக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது. எஜமானி சாந்தோம் குப்பத்துத் தேசம்மா. மீன் விற்கிறவர், மின்சாரப் பெட்டி செய்வதில் என்னைவிடக் கெட்டிக்காரர். அவரை விட்டுவிட்டுத் தங்கள் ஆபீசுக்கு வர என் மனம் ஒப்பவில்லை."