முள் பூஜ்யத்தில், வண்டி ரோட்டில்

சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சார் கட்டைவிரல் அளவுதான். அது கெட்டால் வண்டி ஓடும், மீட்டர் முள் பூஜ்யத்தில் கிடக்கும். பாறசாலையில் கார் எலக்ட்ரீஷியனாக இருக்கும் நான் அதோடு பட்ட பாடு, இதே வேலை பார்க்கும் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

இடது பக்கம் மட்டும்

திருப்புறத்து ஜெயராணி நர்ஸ். "இடது பக்கம் திரும்பும்போ மட்டும் முள்ளு விழுது" என்று சொல்லித்தான் காரை விட்டுப்போனார். நான் கோளாறு காட்டும் ஸ்கேனரைச் சொருகினேன். அது முன்சக்கர சென்சார் என்றது. புதிது மாட்டினேன். மூன்றாம் நாள் அதே கோளாறோடு வந்தார். அப்போதுதான் சக்கரத்தைத் திருப்பிவைத்து ஒயரை இழுத்துப் பார்த்தேன். உறைக்குள்ளே செம்பு அறுந்திருந்தது, திரும்பினால் விலகும். பழைய சென்சாரில் குற்றமே இல்லை. ஜெயராணி நிதானமாகச் சொன்னார்: "நோயாளி சொல்லுறத கேக்காம ரிப்போர்ட்ட மட்டும் பாத்தா, எங்களுக்கு ஏச்சு கிட்டும் அண்ணா."

பனச்சமூடு வரை

கூட வேலை பார்க்கும் ஸ்டீபன் ஸ்கேனரில் நாலு சக்கரத்தின் வேகத்தையும் வாசிக்க, அதே கோளாறோடு வந்த ஒரு டாக்சியை பனச்சமூடு வரை ஓட்டினேன். மூன்று சக்கரமும் நாற்பது. பின்சக்கரம் ஒன்று மட்டும் முப்பது, பன்னிரண்டு, பூஜ்யம். கழற்றினால் சென்சார் நுனியில் இரும்புத்தூள் அப்பியிருந்தது. துடைத்ததும் சரியானது. ஸ்டீபன் சொன்னான்: "மொதல்லயே துணிய எடுத்திருந்தா ரெண்டு மணிக்கூர் மிச்சமாக்கும்."

சனிக்கிழமை வந்தவன்

ரிட்டயரான வாத்தியார் தங்கையன் சாரின் மகன் பிரின்ஸ். ஒரு சனிக்கிழமை வந்து, "அண்ணா, ஏ.பி.எஸ். விளக்கு எரியுது, முள்ளும் விழுது" என்றான். கையில் வேறு வேலை இருந்தது. "திங்கக்கிழமை வா மக்கா" என்று அனுப்பிவிட்டேன். ஞாயிறு மழையில், வளைவில் பிரேக் பிடித்தவன் வழுக்கிப்போய் மதிலில் மோதி இறந்துபோனான்.

இரண்டு மாதம் கழித்து சார் அந்தக் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். "அவன் வண்டிய நோக்காம, ரிப்பேரு பாக்காம ஓட்டினான்னு ஊர்ல சொல்லுதாவ. நீ பாத்துச் சொல்லு" என்றார். சென்சார் ஒயர் பச்சைக் களிம்பு பிடித்து அற்றுப்போயிருந்தது. சென்சாரின் வேகக்கணக்கு இல்லாமல் ஏ.பி.எஸ். வேலை செய்திருக்காது, பிரேக்கை அமுக்கியதும் சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்கியிருக்கும். அதைச் சொன்னேன். சனிக்கிழமை அவன் வந்ததையும், நான் திருப்பி அனுப்பியதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், யாருக்கும் தெரியாது. சார் குனிந்து அந்த ஒயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒன்னிட்ட காட்ட வந்தான் இல்லியா மக்கா. அவன் நோக்காம ஓட்டல்ல."

இப்போது எவர் வந்து முள் விழுகிறது என்றாலும் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுகிறேன். அதை என் சுறுசுறுப்பு என்று நாலு பேரிடம் பாராட்டிச் சொல்கிறவர்களும் உண்டு.