எர்லிந்தா சுற்றிய மூன்று கம்பிகள்

ஃபுல்லர்ட்டனில் ஆரஞ்சுத் தோட்டத்தை வெட்டிவிட்டு எழுப்பிய தகரக் கொட்டகை ஒன்றில், அறுபதுகளில், நானும் எர்லிந்தா ஒசூனாவும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைச் சுற்றினோம். என் மகளுக்கு அவள் ஞானத்தாய். அதனால் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

தந்திகளுக்கு அடியில் இருக்கும் காந்தத்தின்மேல் தலைமுடி போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றவேண்டும். மெஷின் சுழலும். கம்பியை நடத்துவது எங்கள் விரல்தான். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அறுந்துவிடும். கம்பிக்கு நம்பர் உண்டு; நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். மெல்லிய கம்பி அதிகச் சுற்றுக் கொள்ளும், ஓசை கனத்து மழுங்கி வரும். தடித்த கம்பியில் சுற்றுக் குறையும், ஓசை கூராகிவிடும். எங்கள் வழக்கம் நாற்பத்திரண்டு.

எர்லிந்தாவின் புருஷன் நிக்கனோர் டப்பாத் தொழிற்சாலையில் மூடி அடிக்கும் பிரஸ்ஸில் நின்றான். சனிக்கிழமைகளில் ஃபிதென்சியோ என்ற பாடகனின் குழுவில் கிட்டார் வாசித்தான். தலையில் எண்ணெய் மின்ன, சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவன் மேடை ஏறும்போது எர்லிந்தா என் கையைக் கிள்ளுவாள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்குப் பிறகும் அப்படித்தான். அவன் கிட்டாரின் பிக்கப்பை அவளே சுற்றியிருந்தாள்.

ஒருநாள் அவன் குறைபட்டுக்கொண்டான். "ஏம்மா, சத்தம் மந்தமா இருக்கே. துணி போட்டு மூடுனாப்புல."

"நல்லாத்தானே இருக்கு, கிழவா?"

"காது எனக்கா ஒனக்கா?"

அதே கம்பியில் சுற்றைக் குறைத்துக் கொடுத்தாள். போதவில்லை என்றான். மேஸ்திரியிடம் கேட்டு நாற்பத்தொன்று வாங்கினாள். கை தொட்டதுமே தடிமன் தெரிகிற கம்பி. அதில் சுற்றி மாட்டி அவன் வாசித்தபோது எனக்குப் பல் கூசியது. நிக்கனோர் மட்டும் குழந்தை மாதிரி சிரித்தான். "இப்பத்தான்டி உயிர் வந்துருக்கு!"

அன்று எர்லிந்தா சிரிக்கவில்லை. மறுநாள் மெஷினைச் சுழலவிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"கொமாத்ரே, அவருக்குக் காது போகுது. மேல இருக்கற சத்தமெல்லாம் அவருக்குக் கேக்கல. அந்தப் பிரஸ் தின்னுடுச்சு."

"சொல்லிட்டியா?"

"எப்பிடிச் சொல்ல? அந்தக் கிட்டார விட்டா அவருக்கு என்ன இருக்கு?"

சனிக்கிழமை நடனத்தில் ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். இரண்டு வாரம் பொறுத்த ஃபிதென்சியோ எர்லிந்தாவைத் தனியே கூப்பிட்டான். "அக்கா, ஊசியால குத்துறாப்புல இருக்கு. ஏதாவது பண்ணுங்க. இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும்."

அவள் நாற்பத்துமூன்றைச் சுற்றினாள். அத்தனை மெல்லிய கம்பி. இரண்டு முறை அறுந்து, மூன்றாவது முறைதான் முடிந்தது. சனிக்கிழமை அவன் வேலைக்குப் போயிருந்தபோது கிட்டாரில் மாட்டி வைத்தாள்.

அன்றைய நடனத்தில் முதல் பாட்டே தேன் மாதிரி இருந்தது. ஜோடிகள் நெருங்கி ஆடின. பாட்டு பாதியில் இருக்கும்போதே நிக்கனோர் நிறுத்திவிட்டான். தந்தியை ஓங்கி ஓங்கி அடித்துப் பார்த்தான். பிறகு மைக்கில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "செத்துப்போச்சு. என் பொண்டாட்டி கை கெட்டுப்போச்சு. ஃபாக்டரியில எதச் சுத்துறாளோ!"

சிலர் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது, எழுந்தேன். எர்லிந்தா என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். தானே எழுந்து நின்று, "ஆமா. என் கைதான் சரியில்ல" என்றாள்.

ஃபிதென்சியோ தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வாரம் சான்டா ஆனாவிலிருந்து வேறொருவன் வாசிக்க வந்தான். குழுவில் தன் இடம் போனது மனைவியின் கையால்தான் என்று நிக்கனோர் மதுக்கடையில் சொல்லித் திரிந்தான். அது எங்கள் கொட்டகைவரை வந்தது. மேஸ்திரி அவளைப் பெட்டி கட்டும் பக்கம் மாற்றினான். அங்கேயும் அவள் வாய் திறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் அவர்கள் வீட்டுக்குச் சோளமாவில் அவித்த தமாலே கொண்டுபோனேன். தெருவிலேயே கெட்டில் விசில் கேட்டது. உள்ளே அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நிக்கனோர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் பார்க்கும்போதே தண்ணீர் வற்றி விசில் ஓய்ந்து, தீய்ந்த வாடை வந்தது. தோட்டத்திலிருந்து ஓடிவந்த எர்லிந்தா கெட்டிலைத் தூக்கித் தொட்டியில் போட்டாள். உள்ளங்கை வெந்துவிட்டது.

அவன் கெட்டிலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இது... கத்துச்சா?"

நான் தலையாட்டினேன்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளிடம் கேட்டான்: "ஒனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"தடிச்ச கம்பி போட்டப்பவே."

"அன்னைக்கி எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னியே. அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

அடிப்பானோ என்று பயந்தேன். அவன் நாற்காலியில் முன்னால் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டான். அவள் வெந்த கையோடு அவன் முதுகைத் தொட்டாள். அவன் உதறிவிட்டான்.

கிட்டாரை அந்த வாரமே யாருக்கோ கொடுத்துவிட்டான். பிரஸ் வேலையை விடவில்லை. வருஷங்கள் போகப் போக அவள் குரலும் அவனுக்குக் கேட்காமல் போயிற்று. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் அவள் எதிரே போய் நின்று வாயசைப்பாள். பல நாள் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"இன்னுமா கோவம்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பொய் சொன்னதுக்குக் கோவிச்சிருந்தா எப்பவோ ஆறியிருக்கும், கொமாத்ரே. நான் இரக்கப்பட்டுட்டேன். அதத்தான் அவரால தாங்க முடியல."

நிக்கனோர் இறந்த பிறகும் எர்லிந்தா அதே வீட்டில்தான் இருந்தாள். ரேடியோவில் கிட்டார் வந்தால் அணைத்துவிடுவாள்.