பானெட்டைத் திறந்த குடை

குஞ்சிதபாதத்துக்குப் பெருமை ஜாஸ்தி. அதை யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, அவனே சொல்லிவிடுவான். நெய்வேலி டவுன்ஷிப் வண்டி ஷெட்டுக்குப் போய் அவன் பேரைச் சொல்லிக் கேட்டால், காக்கிச் சட்டை மடிப்புக் கலையாமல், தலையில் எண்ணெய் வழிய, கறுப்புக் கார் ஒன்றின் பக்கத்தில் அதை வாங்கினவன் மாதிரி நிற்கிற ஆளைக் காட்டுவார்கள். வாங்கினவன் இல்லை. டிரைவர். அதுவும் அந்த வருஷம் ஆடியில்தான் ஆனான். அதற்கு முன்னால் அதே ஷெட்டில் கான்ட்ராக்ட் கிளீனர். வண்டி கழுவுவான், டயருக்குக் காற்றடிப்பான், டிரைவர்கள் கையை நீட்டினால் ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பான். லைசென்ஸ் வாங்கி, டெஸ்டில் தேறி, பெர்மனென்ட் என்று ஆர்டர் கைக்கு வந்த அன்று வீடு வரைக்கும் ஓடினான்.

"இனிமே சோத்த தட்டுல போடறதா, ஸ்டீரிங்குல போடறதா?" என்று கேட்டாள் தனம். தனம் அவன் பெண்டாட்டி. அவனைத் தரையில் இறக்கிவிட உலகத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும்.

ஆனால் அவன் பெருமைப்பட்டதில் நியாயம் உண்டு என்று நான் சொல்வேன். சேத்தியாத்தோப்புக்கு அந்தாண்டை இருக்கிற அவன் ஊரில், அவன் தெருக்காரர்கள் யாருக்கும் காணி நிலம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் இறங்கியவர்கள். அப்பா பழனிவேல் ஊர்ப் பெரியவீட்டில் பண்ணையாள். ஆயுத பூஜை வந்தால் பெரியவீட்டு ஏர், மண்வெட்டி, அரிவாள், வண்டி எல்லாவற்றையும் வாய்க்காலுக்குக் கொண்டுபோய் வைக்கோலால் தேய்த்துப் பளபளவென்று கழுவிக் களத்தில் வரிசையாக வைப்பார். வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்றுகொள்வார். பெரியவீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து சந்தனமும் குங்குமமும் வைப்பார். அப்புறம் பொரி கிடைக்கும். இதுதான் வழக்கம். சின்ன வயசில் குஞ்சிதபாதம் ஒரு தடவை சந்தனக் கிண்ணத்தில் விரலை விடப் போனான். பெரியவீட்டுக்காரர் பார்ப்பதற்கு முன்னால் அப்பா முந்திக்கொண்டு ஓங்கி ஒன்று வைத்தார். அடித்தவரே வைக்கோல் போருக்குப் பின்னால் போய் அழுததையும் பையன் பார்த்துவிட்டான். அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, தனத்திடம்கூட.

ஷெட்டில் வழக்கம் வேறு. ஆயுத பூஜை அன்று எந்த வண்டி யார் பொறுப்போ அந்த டிரைவர்தான் பானெட்டைத் தூக்கி, என்ஜினுக்குத் தன் கையால் பொட்டு வைக்க வேண்டும். ஷெட் மேஸ்திரி சங்கரலிங்கம்கூடக் கை வைக்க மாட்டார். கிளீனராக இருந்த வருஷமெல்லாம் குஞ்சிதபாதம் துணியும் கையுமாக ஓரத்தில் நின்று பார்த்தவன். இந்த வருஷம் அவன் முறை. அப்பா வந்தே தீரவேண்டும் என்று ஊருக்கு ஆள் மேல் ஆளாகச் சொல்லியனுப்பினான்.

டிரைவரானதும் வாங்கின முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு குடை வாங்கிக் கொடுத்திருந்தான். வளைந்த மூங்கில் பிடி, கறுப்புத் துணி, உறுதியான எஃகுக் கம்பிகள். பழனிவேல் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டே திரிந்தார், விரித்து யாரும் பார்த்ததில்லை. பெரியவீட்டுத் தெருவில் பழனிவேல் தெருக்காரர்கள் குடை விரித்து நடந்ததில்லை. யாரும் சட்டம் போடவில்லை, யாரும் விரித்ததுமில்லை. மழை வந்தாலும் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு நனைந்தபடி போவார். "குடைய நனையாம பாத்துக்கிறாரு உங்கப்பா" என்று தனம் சிரிப்பாள். குஞ்சிதபாதத்துக்குச் சிரிப்பு வராது.

பூஜை அன்று காலையிலேயே ஷெட் களைகட்டிவிட்டது. வாழை மரம், மாவிலைத் தோரணம், வாசலில் பூசணிக்காய். குஞ்சிதபாதம் சும்மா நிற்கவில்லை. ஷெட்டில் உள்ள ஸ்பேனர், கட்டிங் பிளேயர், திருப்புளி, சுத்தியல், அரம், ஜாக்கி என்று ஒன்று விடாமல் பொறுக்கி மண்ணெண்ணெயில் கழுவி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கினான். மூலையில் கிடந்த கட்டுக்கம்பிச் சுருளையும் ஆணி டப்பாவையும்கூட விடவில்லை.

"ஆணிக்கும் பொட்டாடே?" என்றார் சங்கரலிங்கம். அவர் திருநெல்வேலிக்காரர்.

"இருக்கட்டும் மேஸ்திரி, அதுவும் வேல செய்யுது இல்ல?" என்றான்.

எல்லாவற்றுக்கும் சந்தனம் தெளித்து விளக்கையும் ஏற்றியாயிற்று. இனி மறுநாள் பூஜை பிரிக்கும்வரை படத்துக்கு முன்னால் இருப்பதை எவனும் தொடக்கூடாது. வண்டிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு ஒவ்வொரு பானெட்டாக மேலே எழும்பியது. குஞ்சிதபாதம் தன் கறுப்புக் காரில் ஏறி உட்கார்ந்தான். டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தால், உள்ளே ஓடுகிற கேபிள் முன்பக்கக் கொக்கியை விடுவிக்கும். டொக்கென்று பானெட் விரற்கடை உயரம் எழும்பும். இழுத்தான். குமிழ், அறுந்த கேபிள் துண்டோடு கையிலேயே வந்துவிட்டது.

தப்பு யாருடையது என்று அவனுக்குத் தெரியும். வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து தினம் காலையில் தேவை இருக்கோ இல்லையோ பானெட்டைத் திறந்து என்ஜினைப் பார்ப்பான். போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் திறந்து காட்டுவான். அந்த வாரம் கேட்கவே வேண்டாம், வெற்றிலைக் கடைக்காரருக்குக்கூடக் காட்டினான். கேபிளும் எத்தனை இழுப்பைத்தான் தாங்கும்!

இறங்கிப்போய் பானெட்டைத் தூக்கினான், அசையவில்லை. சந்துக்குள் விரலை விட்டான், விரல் தோல்தான் உரிந்தது. நேரே சங்கரலிங்கத்திடம் போனான்.

"மேஸ்திரி, ஒரே ஒரு பிளேயரு. இல்ல, கொஞ்சம் கட்டுக்கம்பி. அஞ்சு நிமிஷத்துல திருப்பி வச்சிடறேன்."

"வச்சத எடுக்கக் கூடாதுடே. அதுவும் நீ அடுக்கினது."

"மேஸ்திரி..."

"வெளக்கு ஏத்தியாச்சுல்லா? பேசாம பானெட்டு மேல பொட்ட வச்சிட்டுப் போ. யாரு என்ன சொல்லப் போறா? நாளைக்குக் கேபிள் மாத்திக்கலாம்."

அவர் கெட்ட மனசோடு சொல்லவில்லை. மற்ற டிரைவர்களும் அதையே சொன்னார்கள். கற்பூரம் ஏற்றப்போகிற நேரம், ஒருத்தனுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது? குஞ்சிதபாதத்துக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெளியே இருந்து துடைக்கிறதை நாலு வருஷம் செய்தாயிற்று. இன்றைக்கும் வெளியே தகரத்தில்தான் பொட்டென்றால் போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன வித்தியாசம்?

அந்த நேரம் பார்த்துப் பழனிவேல் ஷெட் வாசலுக்கு வந்து சேர்ந்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, அக்குளில் குடை. மகனைப் பார்த்துச் சிரித்தார். காரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் கொஞ்சம் தூசி இருந்தது போலிருக்கிறது, துண்டை எடுத்துத் துடைத்துவிட்டார். பிறகு பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"பொட்டு வைக்கிறவங்க எப்போ வருவாங்க?" என்றார்.

குஞ்சிதபாதம் அவர் பக்கத்தில் போனான். "நான்தாம்பா வைக்கணும். என் வண்டிப்பா இது." கையில் இருந்த குமிழைக் காட்டினான். நடந்ததைச் சொன்னான். உள்ளே ஒரு கொக்கி இருக்கிறது, கீழே படுத்து ரேடியேட்டர் சந்து வழியாக வளைந்த கம்பி ஒன்றை விட்டால் இழுத்துவிடலாம், கம்பிதான் இல்லை என்றான்.

"நீ வைக்கறியா?" என்று மறுபடியும் கேட்டார் பழனிவேல். மீதி எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "நீயேவா?"

"ஆமாம்பா."

அவர் குடையை அக்குளிலிருந்து எடுத்தார். அங்கேயே ஷெட் நடுவில் அதை விரித்தார். குஞ்சிதபாதம் அந்தக் குடை விரிந்து அன்றைக்குத்தான் பார்த்தான். துணியை ஒரு பக்கம் நுனியிலிருந்து பிய்த்துவிட்டு, ஒரு கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டத் தொடங்கினார்.

"வேணாம்பா! புதுக் குடப்பா!"

"சும்மா இருடா. என்னுது."

கம்பி மளுக்கென்று ஒடிந்து கையோடு வந்தது. குஞ்சிதபாதம் அதைக் கையில் வாங்கிக்கொண்டு மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தான். "மேஸ்திரி, குடை ஆயுதமா?"

சங்கரலிங்கம் மோவாயைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் யோசித்தார். ஷெட்டே அவர் வாயைப் பார்த்தது. "படத்துக்கு முன்னால வைக்கலல்லா? நனையாம இருக்கத்தான குடை. ஆயுதம் இல்ல, நடத்துடே" என்றார்.

மடிப்புக் கலையாத காக்கிச் சட்டையோடு குஞ்சிதபாதம் தரையில் மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தான். கம்பி நுனியைப் பம்பர் விளிம்பில் வைத்து வளைத்திருந்தான். சந்துக்குள் விட்டுத் துழாவினான். கொக்கியின் நாக்கு தட்டுப்பட்டது. மாட்டி இழுத்தான். கொக்கி அசையவில்லை, கம்பியின் வளைவுதான் நிமிர்ந்துகொண்டது. மறுபடி வளைத்தான், மறுபடி நிமிர்ந்தது.

மேலே இன்னொரு மளுக். பழனிவேலின் கை இரண்டாவது கம்பியைக் கீழே நீட்டியது. குஞ்சிதபாதம் இரண்டையும் சேர்த்து முறுக்கி வளைத்தான். உள்ளே விட்டு மாட்டினான்.

"அப்பா! பானெட்ட மேலருந்து அழுத்து. அழுத்தினாத்தான் கொக்கி லூசாவும்."

"கைய வக்கலாமா?"

"வைப்பா! நல்லா அழுத்து!"

மேலே தகரம் முனகியது. ஏர் பிடித்த கைகள் அழுத்தின அழுத்தில் வண்டியே முன்பக்கம் ஒருமுறை தாழ்ந்தது. கீழே குஞ்சிதபாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். நாக்கு நகர்ந்தது. "இப்ப விடு!"

டொக்!

ஷெட்டில் இருந்தவர்கள் ஹோவென்று கத்தினார்கள். அடியிலிருந்து வெளியே வந்த குஞ்சிதபாதத்தின் முதுகு முழுக்க கிரீஸ், மூக்கில் கரி. மேலே விரலை விட்டு, பானெட் தானாகத் திறந்துகொள்ளாமல் பிடிக்கிற இரண்டாம் கொக்கியையும் தள்ளி, பானெட்டைத் தூக்கி நிறுத்தினான். தினமும் துடைத்த என்ஜின் உள்ளே மினுமினுத்தது. சந்தனக் கிண்ணத்தை ஒருத்தர் நீட்டினார். அதை வாங்கி அப்பாவிடம் கொடுத்தான்.

பழனிவேல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "டேய், நானா? வேணாண்டா. யாராவது எதனா சொல்லப் போறாங்க."

"என் வண்டிப்பா. யாரு வைக்கணும்னு நான்தான் சொல்லணும்."

அவர் சங்கரலிங்கத்தைப் பார்த்தார். சங்கரலிங்கம் வேறு பக்கம் திரும்பி, "கற்பூரத்தக் கொண்டாங்கடே, எவ்வளவு நேரம்?" என்று அதட்டினார். பழனிவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பத்தவில்லை என்று தண்ணீர் கேட்டுக் கழுவிக்கொண்டார். விரலைக் கிண்ணத்தில் விட்டு என்ஜினின் நெற்றியில் சந்தனம் வைத்தார், அதன் மேல் குங்குமம் வைத்தார். பொட்டு கோணல். அறுபது வயசில் முதல் தடவை வைக்கிறவருக்கு அவ்வளவுதான் வரும். குஞ்சிதபாதம் பக்கத்திலேயே இரண்டாவது பொட்டை வைத்தான். இத்தனை வருஷம் காத்திருந்தது முதல் பொட்டுக்குத்தான் என்றாலும் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

மறுநாள் லீவு. அப்பாவை ஊரில் விட்டுவர அவனும் கிளம்பினான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது உச்சி வெயில். பெரியவீட்டுத் தெரு முனை வந்ததும் பழனிவேல் நின்றார். குடையை அக்குளிலிருந்து எடுத்தார். விரித்தார். கம்பி போன பக்கம் துணி தொளதொளவென்று தொங்கியது. அப்படியே தெருவுக்குள் நடந்தார்.

பெரியவீட்டு வாசலில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "என்னா பழனிவேலு, ஓட்டக் குடைய விரிச்சிக்கினு போற?"

"ஓட்ட இல்லீங்க. ரெண்டு கம்பி எம்மவன் காரத் தொறக்கப் போயிடுச்சி" என்றார் பழனிவேல். நிற்காமல் இரண்டடி வைத்தவர் திரும்பிப் பார்த்து, கேட்காத ஒன்றையும் சொன்னார். "இஞ்சினுக்குப் பொட்டு நான் வச்சேங்க."

குடையை மடக்கவில்லை. தெரு முடிகிறவரைக்கும் மடக்கவில்லை. குஞ்சிதபாதம் அப்பாவை ஒட்டிக் குடைக்குள் நடந்தான். தொங்கின துணி அவன் பக்கம்தான் இருந்தது. காதில் உரசிக்கொண்டே வந்தது, அவன் ஒதுக்கிவிடவில்லை.