சும்மா நின்ற ஃபோர்க்கில் காற்று இறங்கிய விதம்

"ராவைக்கி ஒருத்தன் வந்து காத்தத் தொறந்து உடுறான், நஸீர். ஆளும் எனக்குத் தெரியும்" என்றார் ஹாஜியார்.

கற்பிட்டியில் அவருடைய விடுதிக்குப் பின்னாலுள்ள சைக்கிள் ஷெட்டில் நின்றோம். அவர் கையில் ஷொக் பம்ப் இருந்தது, காற்றடிக்கவும் அளக்கவும் கேஜோடு வருகிற சின்னக் கைப்பம்ப். நான் தில்லையடியில் பல வருடம் சாதாரண சைக்கிள் திருத்தியவன். கடையை மூடிவிட்டு இங்கே வந்தது மாதச் சம்பளத்துக்காக, வேறொன்றுக்கும் இல்லை. கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு, காற்று வீசாத நாட்களில் ஹாஜியார் மவுண்டன் சைக்கிள் வாடகைக்கு விடுகிறார். அதன் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் ஸ்பிரிங் கிடையாது. உள்ளே அடைத்த காற்றுத்தான் ஸ்பிரிங்.

அந்த ஃபோர்க்குகளை ஹாஜியார் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. யாரும் ஏறாமல் சும்மா நிற்கும்போதே அவை ஒரு விரல் அகலம் இறங்கி நின்றன. ஓட்டைச் சாமானைத் தலையில் கட்டிவிட்டான் என்று விற்றவனைத் திட்டினார். நான் ஒன்றைக் கழற்றிக் காட்டினேன். உள்ளே இரண்டு காற்றறை. மேலறை ஃபோர்க்கை வெளியே தள்ளும், கீழறை உள்ளே இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் ஃபோர்க் நிற்கும். ஒரு விரல் இறங்குவது பழுதில்லை. கையோடு எல்லா ஃபோர்க்குக்கும் காற்று ஒழுகாமல் அடைக்கிற ரப்பர் சீல் புதிதாகப் போட்டதும் நான்தான். பிறகு அதுவே என் கழுத்துக்கு வரப் பார்த்தது.

நான் சொன்னதை அவர் பாதிதான் நம்பினார். விடியற்காலையில் சுபஹு தொழுதுவிட்டு நேரே ஷெட்டுக்கு வந்து, தனியாக ஒவ்வொரு ஃபோர்க்கையும் அளக்கத் தொடங்கினார். திங்கட்கிழமை நான் கேஜில் எண்பது காட்டும்வரை அடித்து வைத்தேன். மறுநாள் காலை எழுபத்தைந்து. அடுத்த நாள் எழுபத்தொன்று. வெள்ளிக்கிழமை ஆகும்போது அறுபதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பள்ளத்தில் விழுந்தால் ஃபோர்க் அடிவரை போய் இடிக்கிறது என்று வாடகைக்கு எடுத்தவர்கள் முறையிட்டார்கள்.

ஹாஜியார் சந்தேகப்பட்ட ஆள் ஃபர்ஸான். வாடகைக்காரரைக் கூட்டிக்கொண்டு வழிகாட்டப் போகிறவன். மாலையில் ஷெட்டைப் பூட்டுவதும் அவன்தான். அந்தப் பூட்டுக்கு இரண்டு திறப்பு, ஒன்று அவனிடம், மற்றது ஹாஜியாரிடம்.

"அவன்ட மச்சான் ஆலங்குடாவில சைக்கிள் கட போட்டிரிக்கான். எங்கட சைக்கிள் பழுதுண்டு பேர் வந்தா வெள்ளக்காரன் எங்க போவான்? நீயே சொல்லு. பெருநாள் முடிய அவன அனுப்பிடுவன்."

ஃபர்ஸானுக்கு மூன்று பிள்ளைகள். கள்ளன் என்று அனுப்பப்பட்டவனுக்குக் கற்பிட்டியில் வள்ளத்தில்கூட வேலை கிடைக்காது. அது ஹாஜியாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. யாரும் காற்றை விடவில்லை என்றால் சீல் ஒழுகுகிறது என்று அர்த்தம். சீல் ஒழுகினால் வீட்டுக்குப் போகிறவன் நான்.

விஷயம் ஃபர்ஸானின் காதுக்கும் போயிருந்தது. "நஸீர் நானா, நான் காத்தக் களவெடுத்து என்ன செய்ற? பலூன் விக்கிறதா?" என்றான்.

திறப்பு வைத்திருக்கிறவன் எதுவும் செய்யலாம் என்றேன்.

"ஓம். சீல் போட்டவனும் எதுவும் செய்யலாம்" என்றான் அவன்.

அன்று முழுக்க நாங்கள் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. சீல்களிலும் வால்வுகளிலும் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. ஒழுகவில்லை என்றால் அவன்தான் என்று நினைத்தேன்.

பெருநாள் வந்தது. ஹாஜியார் புத்தளத்தில் மகள் வீட்டுக்குப் போகுமுன் ஃபர்ஸானிடமிருந்த திறப்பையும் வாங்கிக்கொண்டார். அவர் கண்முன்னே நான் எல்லாவற்றையும் எண்பதுக்கு அடித்தேன். பூட்டை அவரே போட்டு, இழுத்து இழுத்துப் பார்த்தார். இரண்டு இரவு ஷெட் பூட்டியே கிடந்தது. திரும்பி வந்து எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறந்து அளந்தார். எழுபத்தைந்து.

ஹாஜியாரின் பார்வை ஃபர்ஸானை விட்டு என் பக்கம் திரும்பியது. "அப்ப சீல்தான் ஒழுகுது, நஸீர்."

எனக்கு வந்த ஆத்திரத்தில்தான் மூளை வேலை செய்தது. ஒரு இரவுக்கும் எழுபத்தைந்து, இரண்டு இரவுக்கும் எழுபத்தைந்தா? ஒழுகுகிற சீல் பெருநாளுக்கு லீவு எடுக்காது. இந்த இரண்டு இரவுக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவை நடந்தது எது? ஹாஜியார் பம்ப்பை மாட்டியது.

"பம்பக் கழட்டிட்டு இன்னொருக்கா போட்டுப் பாருங்க, ஹாஜியார்."

"இப்பத்தானே பாத்த."

"பாருங்க. மூணு பேரும் இங்கதானே நிக்கிறம்."

எழுபத்தொன்று. கழற்றி மறுபடி மாட்டச் சொன்னேன். அறுபத்தேழு.

பம்ப்பைக் கழற்றும்போது உஸ் என்று ஒரு சத்தம் வரும். அது குழாயில் நிற்கிற காற்று, ஃபோர்க்கிலிருந்து போவதில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அது சரிதான். ஆனால் அந்தக் குழாய்க்குள் காற்று எங்கிருந்து வந்தது? நாம் அடித்தால் பம்ப்பிலிருந்து வரும். அடிக்காமல் சும்மா அளந்தால் ஃபோர்க்கிலிருந்துதான் வரும். டயருக்குள் நிறையக் காற்று இருக்கிறது, கேஜ் கொஞ்சம் குடித்தாலும் தெரியாது. ஃபோர்க்குக்குள் இருப்பது ஒரு சின்னக் கிளாஸ் அளவு. டயர் பார்க்கிற மாதிரி ஹாஜியார் இதையும் தினமும் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் குறைந்தது. குறையக் குறையச் சந்தேகம் கூடியது.

நான் இதை விளக்கியதும் ஹாஜியார் பம்ப்பைக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இது தெரிஞ்சவன் என்னத்துக்கு இவ்வளவு நாளா வாய மூடிட்டு இரிந்த?" என்றார்.

இப்போதுதான் கண்டுபிடித்தேன் என்றேன். நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பொடியன்கள் கேட்டுக்கொள்ளுங்கள். ஏர் ஃபோர்க்கைத் தினமும் பம்ப் போட்டு அளக்காதீர்கள். ஆள் ஏறி உட்காரும்போது ஃபோர்க் தண்டிலுள்ள ரப்பர் வளையம் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், அது போதும். பம்ப் போட்டே ஆகவேண்டும் என்றால், குறைந்ததை அடித்து நிரப்பிவிட்டுக் கழற்றுங்கள். காற்றுக் குறைகிறது என்று எவனாவது சொன்னால், கடைசியாக அளந்தவன் யார் என்று முதலில் கேளுங்கள்.

ஃபர்ஸானிடம் ஹாஜியார் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. திறப்பை மட்டும் நீட்டினார். ஃபர்ஸான் கையைக் காற்சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"வேணாம் ஹாஜியார். நாளைக்கி ஒரு பெல் காணாமப் போனாலும் என்ட பேர்தான் வரும். நீங்களே தொறங்க, நீங்களே பூட்டுங்க."

வேலையை அவன் விடவில்லை. திறப்பைத் தொடுவதும் இல்லை. காலையில் ஹாஜியார் வந்து திறக்கும்வரை ஷெட் வாசலில் நிற்பான். மாலையில் அவர் பூட்டும்வரையும் நிற்பான். ஹாஜியாருக்கு முழங்கால் வலி. ஆனாலும் இரண்டு நேரமும் வருகிறார்.