நாங்கள் கணவன் மனைவிதான் என்பதற்கு ஆதாரம்

நான் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த வருடம் நானும் என் கணவரும் நாட்டை விட்டே போய்விடுவது என்று முடிவு செய்தோம். எனக்கு அறுபத்தொன்று, அவருக்கு அறுபத்தைந்து. இந்த வயதில் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குள் நாற்காலியை இடம் மாற்றி வைப்பதற்கே யோசிப்பார்கள்.

அடுகோடியில் ஒரு சந்தில், முதல் மாடியில் எங்கள் வீடு. நீர்ப்பாசனத் துறையில் முப்பத்திரண்டு வருடம் தட்டச்சராக இருந்தேன். அவர் அதே சந்தின் முனையில் லேத் பட்டறை வைத்திருந்தார். முதுகுவலி வந்ததும் இயந்திரங்களை விற்றுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். எங்கள் ஒரே மகள் நியூசிலாந்தில் பிசியோதெரபிஸ்ட். ஒன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பேசுவாள். அங்கே அப்போது சாயங்காலம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். "பேரண்ட்ஸ்க்குன்னு இங்க ஒரு விசா இருக்கும்மா. நீங்க ரெண்டு பேரும் வந்துட்டா நல்லா இருக்கும். யோசிச்சுப் பாருங்க."

யோசிக்கிறோம் என்று சொல்லிப் போனை வைத்தேன். அவர் வாசல் பக்கம் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன, போகலாமா?" என்றார்.

இவ்வளவு சீக்கிரம் முடிவு எடுக்கிற மனிதரில்லை அவர். ஒரு டியூப்லைட் மாற்ற மூன்று வாரம் எடுப்பார். அவ்வளவு ஆசை உள்ளே இருந்திருக்கிறதே என்று நினைத்தேன்.

"போகலாம்" என்றேன். "பரண்ல இருக்கிற பெரிய பெட்டிய எறக்குங்க. ஜிப்பு வேலை செய்யுதான்னு பாக்கணும்."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினார்.

கோரமங்களாவில் ஒரு விசா ஏஜென்சியைப் பிடித்தோம். மூன்றாவது மாடி. கீழே ஒரு தர்ஷினி, நின்றுகொண்டே சாப்பிடுகிற ஓட்டல். எங்கள் ஃபைலைப் பார்த்துக்கொண்ட பெண் ஈரோட்டுக்காரி, முப்பது வயதுக்குள் இருப்பாள். மரியாதையாகப் பேசுவாள், எதையும் லேசில் விடமாட்டாள். எடுத்து வரவேண்டிய காகிதங்களின் பட்டியலைக் கொடுத்தாள். அதில் பதினொன்றாவதாக, 'உறவு உண்மையானது, நிலையானது என்பதற்கான ஆதாரம்' என்று இருந்தது.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் நெஜமாவே ஹஸ்பண்ட் அண்ட் வைஃப்தான்னு காட்டணுங்க ஆன்ட்டி."

"மேரேஜ் சர்ட்டிபிகேட் இருக்கே."

"அது கல்யாணம் ஆச்சுன்னு காட்டுதுங்க. அதுக்கப்புறம் என்னாச்சுன்னு அதுல இல்லீங்களே."

அவள் சொன்னதில் எங்களால் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. இருவரும் சேர்ந்திருக்கும் போட்டோக்கள், பல வருடத்தவை, பல இடங்களில் எடுத்தவை வேண்டும் என்றாள்.

வீட்டுக்கு வந்து ஆல்பங்களை எடுத்துத் தரையில் பரப்பினோம். மைசூர், ஊட்டி, திருப்பதி, தர்மஸ்தலா என்று எல்லா இடத்திலும் நான் இருந்தேன். பக்கத்தில் மகள் இருந்தாள். அவர் எதிலும் இல்லை. முப்பத்தேழு வருடமும் கேமராவை அவர்தான் பிடித்திருந்தார். ஒரு பெண், கைக்குழந்தையோடு தொடங்கி, யார் துணையும் இல்லாமல் தென்னிந்தியா முழுக்கச் சுற்றி வந்திருக்கிறாள் என்றுதான் அதைப் பார்க்கிற யாரும் சொல்வார்கள். கல்யாண ஆல்பத்தைப் பூச்சி அரித்து, ஒரே ஒரு படம் மிஞ்சியிருந்தது. அதில் என் மாமா அட்சதை போடும் கை சரியாக மாப்பிள்ளையின் முகத்தை மறைத்தது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலும் தேடினார். ஊட்டிப் படம் ஒன்றில் என் காலடியில் நீளமாக ஒரு நிழல் விழுந்திருந்தது.

"இது நான்தான்" என்றார்.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் படத்தைக் காட்டினோம். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய்த் தன் மேலாளரிடம் கேட்டுவிட்டு வந்தாள். "நிழலை ஏத்துக்க மாட்டாங்களாமா அங்கிள். இனிமேலாச்சும் எடுங்க. நாலஞ்சு மாசத்துக்கு, வேற வேற நாள்ல, வேற வேற எடத்துல. நேச்சுரலா இருக்கோணும்."

நாலைந்து மாதத்துக்கு நேச்சுரலாக இருப்பது எங்களுக்கு அலுப்பாகத் தோன்றியது. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று அவர் ஒரு வழி சொன்னார். மூன்று சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார். நான் ஒரு சேலையும் மூன்று ஸ்வெட்டர்களும் எடுத்துக்கொண்டேன். படம் எடுக்கக் கீழ் வீட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு லால்பாகுக்குப் போனோம். அவர் வீட்டிலேயே தையல் கடை நடத்துகிறவர். இருபத்தாறு வருடமாக எங்களுக்குக் கீழே குடியிருக்கிறார். வீட்டில் உருது பேசுவார், எங்களோடு தமிழ்.

"அண்ணா, கொஞ்சம் அக்கா பக்கம் ஒட்டி நில்லுங்க" என்றார். "ஏன் ஸ்டேஷன்ல கூப்பிட்டு நிறுத்தின மாதிரி நிக்கிறீங்க? கைய தோள் மேல போடுங்க. அந்தக் கை இல்ல."

என் கணவர் கையை என் தோள்மேல் வைத்தார். லேத்தில் இரும்பைப் பொருத்துகிற மாதிரி இரண்டு முறை நகர்த்தி, சரியான இடத்தில் நிறுத்தினார். வெளியிடத்தில் அவர் கை என்மேல் பட்டதே இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, முகம் சூடாகவும் ஆனது.

ஏரிக்கரையில் எடுத்து முடித்து, அவர் முதல் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது காவலாளி ஒருவர் விசிலடித்துக்கொண்டு வந்தார். "ப்ரீ வெட்டிங் ஷூட் எல்லா இல்லி மாடங்கில்லா" என்றார். கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்பெல்லாம் இங்கே கூடாதாம்.

"மதுவே ஆகி மூவத்தேளு வருஷ ஆய்து" என்றார் என் கணவர், கல்யாணமாகி முப்பத்தேழு வருடம் ஆகிவிட்டதென்று.

காவலாளி அவரைப் பார்த்தார், கழற்றின சட்டைக்குள் இருந்த சட்டையைப் பார்த்தார், ஸ்வெட்டர் பையோடு நின்ற என்னைப் பார்த்தார். "ஆதரூ பேடா சார்" என்றார். அப்படியிருந்தாலும் வேண்டாம்.

மீதியைக் கண்ணாடி மாளிகைக்குப் பின்னால் அவசரமாக எடுத்தோம்.

ஏஜென்சிப் பெண் படங்களை மேசைமேல் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தாள். "மொதப் படத்துல அங்கிள் நல்லா குண்டா இருக்காரு. அடுத்ததுல கொஞ்சம் எளச்சிருக்காரு. கடைசில ஒல்லியாயிட்டாரு. உடம்புக்கு என்னன்னு மெடிக்கல்ல கேப்பாங்க."

மறுபடி எடுத்தோம், இந்த முறை அவள் சொன்னபடி. சனிக்கிழமைதோறும் எங்காவது போய் ஒட்டி நின்றோம். ஒருமுறை ஊருக்குச் சற்று வெளியே அத்திபெலேயில் அவர் தங்கை வீட்டு மொட்டைமாடியில், ஒருமுறை பானிபூரி வண்டிக்கு முன்னால். தங்கை வீட்டில் எல்லோரும் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

அடுத்தது சாட்சிக் கடிதம். எங்கள் இல்லறத்தை நேரில் பார்த்த ஒருவர் எழுத வேண்டும். கீழ் வீட்டு அம்மா ஒப்புக்கொண்டார். அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வதாக ஏற்பாடு.

"காலையில ஆறு மணிக்கு மோட்டார் சுவிட்ச் யாரு போடுறதுன்னு சண்டை" என்று ஆரம்பித்தார்.

"அத எழுதணுமா?"

"நான் பார்த்தது அதானே அக்கா. அப்புறம் பேப்பர யாரு மொதல்ல எடுத்தாங்கன்னு. அப்புறம் பத்து நிமிஷம் சத்தமே இருக்காது. நாஷ்டா பண்றாங்கபோல."

'மேற்படி தம்பதியர் காலை ஆறு மணி முதல் வீட்டு நிர்வாகம் குறித்துத் தொடர்ந்து கலந்தாலோசிப்பதை நான் நேரடியாக அறிவேன்' என்ற பொருளில் தட்டினேன். முப்பத்திரண்டு வருடத்துப் பழக்கம் அதற்குக் கைகொடுத்தது.

"ஒரு தடவ பதினோரு நாள் நீங்க அண்ணாகூடப் பேசவே இல்ல. அவரு தினமும் கீழ வந்து, உப்பு எங்க இருக்குதுன்னு அவள கேட்டுச் சொல்லும்மான்னு என்ன அனுப்புவாரு."

"பதினோரு நாள் இல்ல. ஏழு நாள்தான்."

"பதினொண்ணு அக்கா. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும்னு சொன்னீங்க. நான் பொய் சொல்லமாட்டேன்."

என்மேல் இருந்த புகாரை நானே பதினொன்று என்று தட்டச்சு செய்து, நானே பிழை பார்த்து, நோட்டரியிடம் எடுத்துப் போனேன்.

இப்படியே எட்டு மாதம் போனது. அதற்குள் அவர் ஸ்கூட்டரைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். நான் மாடியிலிருந்த பதினாறு தொட்டிகளையும் சந்துக்காரர்களுக்குப் பங்கிட்டுவிட்டேன். போன இடமெல்லாம் என் கறிவேப்பிலை என்னைப் பார்த்தது.

கடைசியாக ஏஜென்சியில் ஒத்திகை நேர்காணல். எங்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்டாள். பிறகு இருவரையும் கூப்பிட்டு, பதில்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தாள்.

"கட்டில்ல எந்தப் பக்கம்னு கேட்டதுக்கு ரெண்டு பேருமே வலதுன்னு சொல்லியிருக்கீங்க."

"படுத்துப் பாத்தா நான் வலது" என்றார் அவர்.

"நின்னு பாத்தா நான்" என்றேன்.

"உக்காந்துட்டுத்தானுங்க பதில் சொல்லப்போறீங்க. ஒண்ண முடிவு பண்ணிக்கங்க." அடுத்த தாளைப் புரட்டினாள். "அங்கிள் கடைசியாக் குடுத்த கிஃப்ட். ஆன்ட்டி, குக்கர் கேஸ்கட்னு சொல்லியிருக்கீங்க. அங்கிள் மூக்குத்தின்னு சொல்லியிருக்காரு."

"மூக்குத்தி இருவது வருஷம் முன்னாடி" என்றேன்.

"கேஸ்கட் கிஃப்ட்டா?" என்றார் அவர், உண்மையிலேயே புண்பட்டு.

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் முகம் மாறியிருந்தது. "எதுக்காக நியூசிலாந்து போறீங்கன்னு கேட்டேன். ஆன்ட்டி, 'அவருக்கு ஆசை, அதனால'ன்னு சொல்லியிருக்கீங்க. அங்கிள், 'அவளுக்கு ஆசை, அதனால'ன்னு சொல்லியிருக்கீங்க."

"இது மிஸ்மேட்ச்ங்க" என்றாள் மெதுவாக. "யாராச்சும் ஒருத்தர் ஆசப்பட்டாகணும்."

கீழே தர்ஷினியில் ஆளுக்கொரு காபி வாங்கி, நின்றுகொண்டே குடிக்கும் மேசை ஒன்றில் எதிரெதிரே நின்றோம்.

"நீங்கதானே கேட்டீங்க" என்றேன். "போனை வெச்சதும் போகலாமான்னு."

"எங்க போகலாமான்னு கேட்டேன்?"

"நியூசிலாந்து."

"ஐயோ, அத்திபெலே. தங்கச்சி வீட்டுக்கு. அன்னிக்கு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தா. சட்டையெல்லாம் போட்டு ரெடியா நின்னேனே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீ பெரிய பெட்டிய எறக்கச் சொன்ன. அத்திபெலேக்கு எதுக்கு அவ்ளோ பெரிய பெட்டின்னு நெனச்சேன். அப்பறம்தான் புரிஞ்சுது. உன் மொகத்தப் பாத்தேன். இவ்ளோ ஆசையா இருக்கிறவகிட்ட அத்திபெலேன்னு எப்படிச் சொல்றது?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். பக்கத்து மேசையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். சிரித்து முடித்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு மாதம் இந்த மனிதர் விரும்பாத ஒன்றுக்காக, எனக்காக என்று நினைத்துக்கொண்டு, சனிக்கிழமைதோறும் என் தோளில் கை போட்டிருக்கிறார். நானும் அப்படியே.

"ஒரு நாளாவது போகணும்னு தோணுச்சா உனக்கு?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள் தண்ணி வரலியே, அன்னிக்குத் தோணுச்சு. உங்களுக்கு?"

"அவ கொரல் கேக்கறப்பல்லாம் தோணும். போனை வெச்சதும் போயிடும்."

எங்கள் இருவருக்கும் நடுவில் மகள் இருந்தாள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவரை யார் சொல்வது என்று சண்டை போட்டோம். கடைசியில் நான்தான் சொன்னேன்.

"அப்ப எட்டு மாசமா ரெண்டு பேருக்குமே இஷ்டமில்லையா?"

"தெரியாதும்மா. எங்களுக்கே போன வாரம்தான் தெரிஞ்சுது."

"உங்க ரூமுக்கு கர்ட்டன்லாம் தெச்சு மாட்டிட்டேன்மா" என்றாள். அவள் குரல் சின்னப் பிள்ளை குரலாக இருந்தது. பிறகு ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று எடுத்துக்கொண்டேன். "சரி. ரெண்டு மாசம் சும்மா வாங்க. யாருக்கு ஆசன்னு நான் கேக்கமாட்டேன்."

மறுபடி அதே மூன்றாவது மாடிக்குப் போனோம். சுற்றுலா விசாவுக்கு நாங்கள் கணவன் மனைவியா என்று யாரும் கேட்கவில்லை.

"ஆனா திரும்பி வந்துருவீங்கன்னு காட்டணுங்க" என்றாள் அந்தப் பெண். "இந்த ஊர்ல உங்களுக்கு என்ன பிடிமானம்னு ஒரு லெட்டர்."

ஒரு பக்கம் போதும் என்றாள். நான் நான்கு பக்கம் தட்டினேன். எங்கும் நிறுத்தி யோசிக்கவில்லை. அவர் வாங்கிப் படித்துவிட்டு, "இவ்ளோ இருக்கா நமக்கு?" என்று கேட்டார். அவள் மூன்று பக்கத்தை வெட்டிவிட்டாள்.

போய் இரண்டு மாதம் இருந்தோம். நன்றாகத்தான் இருந்தது. காற்று சுத்தம், தெருவில் ஆளில்லை. அவர் தினமும் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்து, யாராவது கன்னடம் பேசுகிறார்களா என்று பார்ப்பார். ஐந்தாவது வாரத்தில் மங்களூர்க்காரர் ஒருவர் கிடைத்தார். மகள் வேலைக்குப் போகும்முன் எங்கள் இருவருக்கும் முதுகுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பாள், நோயாளிகளிடம் பேசுகிற குரலில். கிளம்பும் நாளில் விமான நிலையத்தில் மூவருமே வேகமாகப் பேசிக்கொண்டிருந்தோம், பெட்டி எடையைப் பற்றி.

திரும்பி வந்து ஆறு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் வீடு மாறப்போவதாகச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ஒரு வீடு வந்திருக்கும்மா. சின்னது. ஒரு பெட்ரூம்தான். நீங்க வந்தா ஹால்ல சோபா பெட் போட்டுக்கலாம். போதும்ல?"

"தாராளமாப் போதும்" என்றேன்.

போனை வைத்தேன். அவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். எங்களுக்காகக் கர்ட்டன் தைத்து மாட்டிய அறையைப் பற்றி இருவரும் பேச்சை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அரிசி களையட்டுமா என்று கேட்டார். களையுங்கள் என்றேன்.