கையால் இறுக்கினால் போதும்

அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய், ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சே நின்றுவிட்டது. ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளர். நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலைதான். “பயப்படாதீங்க, இதோ முடிஞ்சிடுச்சு, இன்னும் கொஞ்சம் பெரிசாத் திறங்க.” வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறவர் என்ன பதில் சொல்வார்? வீட்டுக்கு வந்தால் அதற்கும் ஆள் கிடையாது.

கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. அரை நாள் பயணத் தொலைவில் மனைவி, பிள்ளைகளோடு இருந்தான். புதுக் கார் வாங்கியபோது பழையதை அக்காவிடம் கொடுத்துவிட்டான். “நீ ஓட்டினா போதும். ஆயில் மாத்துறதெல்லாம் என் பொறுப்பு.” சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தான். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவான். அக்கா மேலே அடுப்படியில் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் ஒரே நாளில் சமைத்துத் தீர்க்கப் பார்ப்பாள். அவன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் பேச்சு ஆரம்பிக்கும். சாயங்காலம் வரை ஓடும்.

ஒரு தடவை அவன் வண்டிக்கு அடியிலிருந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தவளுக்கு மனசு கேட்கவில்லை. இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்து, எனக்காகத் தரையில் புரள வேண்டுமா இவன்?

“இனிமே நானே பாத்துக்கறேண்டா. வீடியோவுல பாத்து எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“நீயா? ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியுமா உனக்கு?” என்று சிரித்தான்.

தெரியும் என்று காட்டினாள். அடுத்த முறை தானே மாற்றி, போட்டோ எடுத்து அனுப்பினாள். அவன் கைதட்டுகிற படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினான். அதன் பிறகு அவன் வரவில்லை. கோபம் தாபம் ஒன்றும் இல்லை. எப்போதாவது போன் பேசுவான். வருவதற்கு ஒரு சாக்கு இருந்தது, அது இல்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை மாற்றப் போனபோதுதான் மாட்டிக்கொண்டாள். விடுமுறை நாள், காலை வேளை. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தி, அடியில் அட்டையை விரித்துப் படுத்தாள். பழைய எண்ணெய் முழுதும் தட்டில் வடிந்துவிட்டது. மேலே கையை நீட்டி, எண்ணெயை வடிகட்டுகிற ஃபில்டர் டப்பாவைப் பிடித்துத் திருகினாள். டப்பா அசையவில்லை. துணியைச் சுற்றித் திருகினாள். உப்புத்தாளைச் சுற்றித் திருகினாள். உள்ளங்கை எரிந்ததுதான் மிச்சம். வீடியோவில் ஒருவர் செய்ததுபோல ஸ்க்ரூடிரைவரை டப்பாவின் குறுக்கே அடித்துச் செருகி, நெம்பினாள். தகரம் டர்ரென்று கிழிந்தது. ஃபில்டர் இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே தேங்கியிருந்த எண்ணெய் கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கியது.

வெளியே வந்து சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். எண்ணெய் இல்லாத வண்டியை எங்கேயும் கொண்டுபோக முடியாது. மெக்கானிக் கடைகளுக்கும் அன்று லீவு. குடியிருப்பில் அத்தனை வீட்டுக்கும் அக்காதான். ஆனால் எந்தக் கதவைத் தட்டி ‘கொஞ்சம் வாங்க’ என்று சொல்லலாம் என்று யோசித்தால் ஒரு கதவும் தோன்றவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

“என்னக்கா, இந்நேரத்துல?”

“ஃபில்டர் கழல மாட்டேங்குதுடா. கிழிச்சுத் தொலைச்சிட்டேன்.”

“போன தடவை எதை வெச்சு இறுக்கினே?”

“ஸ்பேனர் மாதிரி ஒண்ணு வாங்கினேனே, அதை வெச்சுதான். ஒழுகிடுமோன்னு பயம். இன்னிக்குக் கழட்டப் போனா அது வழுக்கிடுது.”

“ஐயோ அக்கா! கையால இறுக்கினா போதும். சரி, ரப்பர் வளையத்துல எண்ணெய் தடவினியா?”

“தடவணுமா?”

“தடவலேன்னா ஒட்டிப் பிடிச்சுக்கும். நான் தடவித்தானே மாட்டுவேன். அத்தனை தடவை வந்திருக்கேன், நீ ஒரு தடவைகூடப் பாத்ததில்லையா?”

அவள் பார்த்ததில்லை. அவன் கீழே இருந்த நேரமெல்லாம் அவள் அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். அவன் வந்து இருந்த கொஞ்ச நேரத்திலும் பாதி அப்படிப் போயிருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

தம்பி வழி சொன்னான். கிழிந்த தகரத்தை விட்டுவிட்டு, எஞ்சினோடு ஒட்டியிருக்கிற கெட்டியான விளிம்பில் உளியை வைத்து, கழற்றுகிற பக்கமாகச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஓங்கி அடிக்கக் கூடாது. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு அட்டையின் மேல் வைத்துவிட்டு மறுபடி அடியில் புகுந்தாள்.

“அசையுதா?”

“இல்லடா.”

“தட்டிக்கிட்டே இரு. அடி மேல அடி வெச்சா அம்மியும் நகரும்.”

“அம்மி நகந்துடும்டா, இது நகராது,” என்றாள். அவன் சிரித்தது கேட்டது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. தட்டிக்கொண்டே பேசினாள். கிளினிக்கில் டாக்டர் பல்லை எடுக்கும்போது வெடுக்கென்று இழுக்க மாட்டார், ஆட்டி ஆட்டித்தான் எடுப்பார் என்றாள். பக்கத்து வீட்டில் புதிதாக யாரோ வந்திருக்கிறார்கள், இன்னும் முகம் பார்க்கவில்லை என்றாள். முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

விளிம்பு மயிரிழை நகர்ந்தது. இன்னொரு தட்டு. பிறகு கையாலேயே சுற்ற வந்தது.

“வந்துடுச்சுடா! டேய், வந்துடுச்சு!”

பதில் இல்லை. எட்டிப் போனை எடுத்தாள். அழைப்பு எப்போதோ துண்டிக்கப்பட்டிருந்தது. ‘பாப்பா கூப்பிடறா, அப்புறம் பேசறேன்’ என்று செய்தி வந்திருந்தது. முழங்காலைப் பற்றிச் சொன்னதை அவன் கேட்டானா என்று தெரியவில்லை. பழைய ரப்பர் வளையம் கூடவே வந்திருக்கிறதா என்று பார்த்தாள். வந்திருந்தது. புது வளையத்தில் விரலால் எண்ணெய் தடவி, ஃபில்டரைக் கையால் இறுக்கி, புது எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ‘முடிஞ்சிடுச்சு’ என்று அனுப்பினாள். ராத்திரிதான் அவன் பார்த்தான்.

சில வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றான். பழைய சட்டை ஒன்றைப் பையில் மடித்து எடுத்து வந்திருந்தான்.

“வண்டிக்கு ஏதாவது பாக்கணுமா?”

“ஒண்ணும் இல்லையேடா. எல்லாம் நல்லாத்தான் ஓடுது.”

கீழே போய் பானட்டைத் திறந்து எண்ணெய் அளவைப் பார்த்தான். சரியாக இருந்தது. டயரை உதைத்துப் பார்த்தான். அதுவும் சரியாக இருந்தது. மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். அன்று அவள் எதுவும் சமைத்திருக்கவில்லை. சமைக்க எழுந்திருக்கவும் இல்லை. எதிரே உட்கார்ந்தாள்.

“முட்டி எப்படிக்கா இருக்கு?” என்றான்.

“அப்படியேதான்டா இருக்கு,” என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவன் தலை சாய்ந்து தூங்கிப்போனான். அவள் ஜன்னல் திரையை மட்டும் இழுத்துவிட்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.