வெறும் வீட்டைக் காத்த காசிம் நானா

வெள்ளிக்கிழமை காலை பேக்கரிப் பாண் கொண்டு வந்தவர்தான் சொன்னார்: "காசிம் நானா மௌத்தாகிட்டாரும்மா." முந்தின நாள்தான் அவரோடு வாய்ச்சண்டை பிடித்திருந்தேன். என் மகனுக்கு அவர் தைத்த காற்சட்டையில் ஒரு கால் நீளம், மற்றக் கால் கட்டை. அவர் நல்ல தையற்காரர் அல்லர். செத்தவரைப் பற்றியும் எனக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் கண்டியில் வாடகை வீட்டில் இருக்கும் உங்களில் எத்தனை பேர் அந்த மனிதரால் கூரைக்குக் கீழே இருக்கிறீர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கணவருக்கு ரயில்வே கந்தோரில் மாற்றல் கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்தோம். குளத்தைச் சுற்றியிருந்த பெரிய பங்களாக்கள், தோட்டத் துரைமார் வந்து தங்கும் சில நாட்களுக்காக ஆண்டு முழுதும் பூட்டிக் கிடந்தன. எங்களுக்குக் கிடைத்தது ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னறை. நடுவே சேலை கட்டி, மறுபக்கம் இன்னொரு குடும்பம். நான் ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. சின்ன வீடு ஏதாவது காலியானால், பழைய ஆள் சாமான் ஏற்றும்போதே வாடகையும் ஏறிவிடும். "ஊருக்குப் போய்ப் பிள்ளையைப் பெத்துக்கொண்டு அங்கயே இரு" என்றார் கணவர். போனால் திரும்பி வர வீடு இராது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தைச் சட்டைக்குத் துணி கொடுக்கப் போனேன்.

புடைவைக் கடை வாசலில் தையல் மெஷினுக்குப் பின்னால் இருந்தவரை எல்லாரும் அண்ணன் முறையில் நானா என்றார்கள். அவர் துணியை அளக்கவேயில்லை. "சட்டை தைக்கலாம் தங்கச்சி. புள்ளைக்கு அத எந்த ஊட்டுல வெச்சிப் போடப் போறீங்க?" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரோ சிரித்தார். "ஆள் ஈக்கிற ஊட்டுக்கு வாடகயக் கூட்டிக் கேக்க ஊட்டுக்காரங்களுக்கு வெக்கம். சும்மா கெடக்கிற ஊட்டுக்கு வெக்கமில்ல. ஊட்டச் சும்மா கெடக்க உடாம இருந்தாச் செரி."

கட்டுகலையில் ஒரு தபாற்காரர் வீடு மாறப் போகிறார் என்று கேள்விப்பட்டதும், நானா பாயையும் தேத்தண்ணிக் கேத்தலையும் தூக்கிக்கொண்டு அங்கே போய்க் குடியேறினார். தபாற்காரரின் சொந்தக்காரராக அவர் உள்ளே. தபாற்காரர் போனதும் நானாவின் சொந்தக்காரர்களாக நாங்கள். இடையில் அடுப்பு அணையவில்லை. மனைவி காலமான பிறகு கடையின் பின்பக்கத்து மூலைதான் அவருக்கு வீடு, அதனால் எங்கே படுத்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

குடையும் கையுமாக வீட்டுக்காரர் வந்தார். "இவங்க கோயிலுக்குப் போற ஆளுங்க, நீங்க பள்ளிவாசலுக்குப் போறவரு. எந்த வழியில சொந்தம்?"

"வாடக வழியில முதலாளி" என்றார் நானா.

வீட்டுக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பழைய வாடகையையே வாங்கிக்கொண்டு போனார். என் மகன் அந்த வீட்டில்தான் பிறந்தான்.

நானா கேட்டது ஒன்றே ஒன்று: "ஊட்ட உட்டுப் போறண்டா ஊட்டுக்காரருக்கு முந்தி எனக்குச் சொல்லோணும்." ஒரு கிளாக்கர் சொல்லாமல் போய்விட்டார். வீடு பூட்டப்பட்டது, வாடகை ஏறியது, ஏறினது இறங்கவேயில்லை. அந்த வாசலில் நின்று நானா கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

கடைசியாக அவர் காத்தது கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு வீட்டை. பேக்கரியில் இராவேலை செய்யும் முத்தையாவுக்காக. முத்தையாவின் மனைவி இருந்த மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்ததால், அவள் இரண்டு பிள்ளைகளோடு லயத்து வீட்டைவிட்டு இறங்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. அந்த வீட்டில் படுத்திருந்தபோதுதான் நானாவின் உயிர் பிரிந்தது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஜனாஸாவை அடக்கத் தூக்கிப் போனார்கள். என் கணவரும் முத்தையாவும் பின்னால் போனார்கள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை, அதனால் நான் அந்த வீட்டுக்குள் போனேன். கேத்தல் ஆறிக் கிடந்தது. ஐயோ நானா என்று வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே அடுப்பை மூட்டினேன்.

பின்னேரம் சாவி வாங்க வந்தவர் எங்கள் வீட்டுக்காரரேதான், இந்த வீடும் அவருடையது. "உள்ள யாரு?"

"நான்தான். நானாவின்ர தங்கச்சி."

அவர் என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். எந்த வழியில் என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. குடையை மடக்கி வாசற்படியில் உட்கார்ந்து, "ஒரு தேத்தண்ணி குடும்மா" என்றார்.

ஞாயிறு வரை நாங்கள் அங்கேயே படுத்தோம். முத்தையாவின் மனைவி பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். பழைய வாடகைதான்.

அந்தக் காற்சட்டையை நான் திருத்தவில்லை, திருத்தவும் மாட்டேன். பாயையும் கேத்தலையும் என் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். உங்களில் யாராவது வீடு மாறுவதானால், வீட்டுக்காரருக்கு முன் எனக்குச் சொல்லுங்கள்.